எவ்வளவு தாங்கும் என்பது தவறான கேள்வி

லோடு வண்டி வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “எவ்வளவு தாங்கும்?” ஷோரூமில் கேட்கிறார், பழகிய மெக்கானிக்கிடம் கேட்கிறார், சந்தை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவர்களிடமும் கேட்கிறார். பதில் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. “குட்டி யானையில ஒன்றரை டன் ஏத்தலாம்ணே. தோஸ்த்துல ரெண்டரை. பொலிரோ பிக்கப்னா மூணு டன்னுக்கும் அசையாது.” ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எடையைக் காட்டி, இதில் பாதிதானே இருக்கிறது என்று யாராவது கேட்டால், “அது கவர்மென்ட் கணக்கு, விடுங்க” என்று பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கேள்வியை வைத்து வண்டி தேர்ந்தெடுப்பதுதான் சிறு வண்டிக்காரரின் வருமானத்தை அரிக்கிறது என்பது என் வாதம். கடன் வாங்கி, மனைவியின் நகையை வைத்து, முதல் வண்டி எடுக்கும் ஒருவருக்கு இதைவிடக் கெட்ட ஆலோசனை இருக்க முடியாது. அதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள், அனுபவத்திலிருந்தும் சொல்கிறார்கள். அதனாலேயே இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

2005இல் ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் கொண்ட ஒரு சிறிய டீசல் இஞ்சின். ஏற்றக்கூடிய சுமை முக்கால் டன். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை அது நிரப்பியது. லாரி நுழைய முடியாத தெருவுக்குச் சரக்கு போனது. தக்காளி பத்துக் கூடை மட்டுமே விளைந்தவர்கூடச் சந்தைக்கு வண்டி பிடிக்க முடிந்தது. 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன் சுமையோடு வந்து அடுத்த படியை அமைத்தது. சுமைக்கு ஏற்ற வண்டி, தெருவுக்கு ஏற்ற வண்டி என்ற எண்ணத்தில்தான் இவை வெற்றி பெற்றன. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் பட்டறைக்குப் போய்ப் பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்ப்பது ஒரு சடங்காகிவிட்டது. எந்த அளவுக்குச் சரியாக இருந்ததோ அந்த அளவையே முதல் வேலையாக அழித்துவிடுகிறோம்.

“கம்பெனிக்காரன் எப்பவும் குறைச்சுத்தான் எழுதுவான், வண்டி இரண்டு மடங்கு தாங்கும்” என்பது இந்த நம்பிக்கையின் அடித்தளம். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. எழுதப்பட்ட எடைக்கு மேல் ஒரு கிலோ ஏறியதும் அச்சு முறிந்துவிடாது. வடிவமைப்பவர்கள் கூடுதல் வலிமை வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் வலிமை எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. நின்றிருக்கும் வண்டியின் அச்சில் விழும் எடை வேறு, ஓடும் வண்டி ஒரு குழியில் இறங்கி எழும்போது விழும் அடி வேறு. அந்த ஒரு நொடியில் சக்கரத்தின் மேல் வழக்கமான எடையைப் போலப் பல மடங்கு விசை விழும். வேகத்தடையைப் பார்க்காமல் ஏறுவது, தண்டவாளக் கடவையில் குலுங்குவது, மழைக்குப் பின் கிராமச் சாலையில் பள்ளம் தெரியாமல் விடுவது எல்லாமே அந்தக் கணக்கில் வரும். கூடுதல் வலிமை முழுவதும் நம் சாலைகளுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது. அதை மூட்டைக்குக் கொடுத்துவிட்டால் பள்ளத்துக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

முறிந்து போவதும் தேய்ந்து போவதும் வேறு வேறு. “எத்தனை வருஷமா ஏத்துறேன், ஒண்ணும் ஆகலையே” என்பவர் முறிவை மட்டுமே பார்க்கிறார். சக்கரப் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் தயாரிப்பாளர்கள் உலகெங்கும் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 281 என்ற கணக்குமுறையின்படி, சுமை கூடக் கூடப் பேரிங்கின் ஆயுள் அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகச் சரிகிறது. உருளை வகைப் பேரிங்கின் மேல் சுமையை ஒன்றரை மடங்காக்கினால் ஆயுள் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இரண்டு மடங்காக்கினால் பத்தில் ஒரு பங்கு. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றும்போது, வண்டியின் சொந்த எடையையும் சேர்த்துப் பார்த்தால், பின் அச்சின் மேல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் விழும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய பாகம் இருபத்தைந்தாயிரத்தில் மாற்றச் சொல்லத் தொடங்கும். கிளச் பிளேட், ஹவுசிங், கிரவுன் பினியன், யு-ஜாயின்ட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி மாதத்தில், தனித்தனி பில்லாக வருவதால் இவற்றின் வேர் ஒன்று என்பது கண்ணில் படுவதில்லை. “இந்த மாடலே இப்படித்தான், பேரிங் நிக்காது” என்று வண்டியின் மேல் பழி விழுகிறது.

கூடுதல் பட்டை போட்டால் இந்தப் பிரச்சினை தீரும் என்பது இன்னும் ஆபத்தானது. பட்டை வண்டியின் பின்பகுதியை நிமிர்த்திக் காட்டும், அவ்வளவுதான். அச்சு, பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கும். பிரேக்கில் அதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் அழுத்தம் போக வேண்டும் என்பதை ஒரு வால்வு தீர்மானிக்கிறது. சுமை ஏறினால் வண்டியின் உடல் அச்சை நோக்கித் தாழும், அந்தத் தாழ்வை ஒரு கம்பி மூலம் உணர்ந்து வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை இறுக்கிவிட்டால் உடல் தாழாது. இரண்டு டன் ஏறியிருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு நினைத்துக்கொள்ளும். அதிக எடை, குறைந்த பிரேக் என்ற கூட்டணி இப்படித்தான் உருவாகிறது. பட்டறையில் பட்டை சேர்ப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், சேர்க்கச் சொல்பவருக்கும் தெரியாது. இறக்கத்தில் முன்னால் நிற்கும் பள்ளி வேனுக்குத்தான் இதன் விளைவு தெரியும்.

இறக்கம் என்றதும் மலைப்பாதைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். மேலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் ஒரு வண்டியில் ஒரு டன் கூடுதலாக இருந்தால், அந்த ஒரு டன் மட்டுமே இறங்கும் வழியில் வெளியிடும் ஆற்றல், 45 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்தச் சூட்டின் பெரும்பகுதி இஞ்சினின் பின்னிழுப்பிலோ பிரேக்கிலோதான் இறங்கியாக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர் அதை முழுக்கப் பிரேக் தலையில் கட்டுகிறார். (இன்றைய காமன் ரெயில் டீசல் இஞ்சின்கள் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் கால் இல்லையென்றால் டீசலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இஞ்சினை ஓட வைக்க டீசல் செலவாகும். மிச்சம் என்று நினைப்பதே தவறு.) சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். தருமபுரி அருகே தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகளின் செய்தியைப் படிக்காத ஆண்டு நமக்கு உண்டா? அவற்றில் பெரும்பாலானவை லாரிகள். ஆனால் இயற்பியல் வண்டியின் அளவைப் பார்த்துச் சலுகை காட்டுவதில்லை.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் அச்சாகியிருக்கும். அது 86 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 530 கிலோ, 100 என்றால் 800 கிலோ. டயர் வாங்கும்போது விலையையும் உழைப்பையும் விசாரிக்கும் நாம் இந்த எண்ணை விசாரிப்பதே இல்லை. வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் வெடித்துக் கிடக்கும் ரப்பர்த் துண்டுகளில் பலவற்றுக்கு இந்த எண்ணை மீறிய சுமையும் ஒரு காரணம்.

இனி, “கண்ணளவு” என்ற பழக்கம். தொட்டி நிரம்பினால் ஒரு லோடு என்று நினைக்கிறோம். பஞ்சு மெத்தைக்கும் திருப்பூர் பனியன் பண்டலுக்கும் அது பொருந்தும். அங்கே இடம் முதலில் தீரும், எடை மிச்சமிருக்கும். எம்-சாண்டுக்குப் பொருந்தாது. ஏஸ் போன்ற வண்டியின் தொட்டி ஏழடி நீளம், ஐந்தடி அகலம், ஓரடி உயரம், ஏறக்குறைய ஒரு கன மீட்டர். அதில் மணலைக் குவிக்காமல் விளிம்புமட்டத்துக்கு நிரப்பினாலே ஒன்றரை டன்னைத் தாண்டும். அதாவது அனுமதிக்கப்பட்டதில் இரண்டு மடங்கு. பார்ப்பவருக்கு வழக்கமான ஒரு லோடு போலத்தான் தெரியும். சிமெண்ட் மூட்டை 50 கிலோ, பதினைந்து மூட்டையோடு முக்கால் டன் முடிந்துவிட்டது. பதினைந்து மூட்டை போட்ட தொட்டி கிட்டத்தட்டக் காலியாகத்தான் தோன்றும், “இவ்வளவுதானா?” என்று கடைக்காரர் கேட்பார். வண்டிக்குக் கண் கிடையாது, எடை மட்டும்தான் தெரியும். அதோடு, வண்டி எடுத்ததும் இரும்புக் கூண்டு அடிக்கிறோம், அடியில் தகடு போடுகிறோம். கூண்டும் தகடும் தார்ப்பாயும் சேர்ந்து சில வண்டிகளில் நூறு கிலோவைத் தொட்டுவிடும். ஒரு மூட்டைகூட ஏறுவதற்கு முன்பே சுமையில் ஒரு பகுதி போய்விடுகிறது.

பணக் கணக்குக்கு வருவோம். இரண்டு நடையாகப் போக வேண்டியதை ஒரே நடையில் முடித்தால் லாபம் என்கிறார்கள். இருபது கிலோமீட்டர் தூரத்துக் கட்டட வேலைக்குப் போய்வர நாற்பது. லிட்டருக்குப் பதினாறு கொடுக்கும் வண்டியில் இரண்டரை லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 230 ரூபாயும் இரண்டு மணி நேரமும் மிச்சம். இது கண்ணெதிரே தெரியும் மிச்சம், அன்றைக்கே பையில் விழும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் தேய்மானம் இருக்கிறது, பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு இருக்கிறது, அந்த நாட்களிலும் கட்ட வேண்டிய டியூ இருக்கிறது. எழுதிவைக்காததால் இவை கணக்கில் வருவதில்லை.

சட்டத்தின் பக்கமும் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, அதிக எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில். “பார்த்துக்கலாம்” என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு, பார்த்துக்கொள்ளவும் முடிகிறது என்பது நமக்கு வெட்கம். ஆனால் இன்சூரன்ஸை அப்படிப் பார்த்துக்கொள்ள முடியாது. அனுமதித்த சுமைக்கு மேல் ஏற்றிய வண்டிக்கு, ஏற்கத்தக்க இழப்பீட்டில் 75 விழுக்காட்டுக்கு மிகாமல் கொடுக்கலாம் என்ற வழிகாட்டுதல் இருக்கிறது. 2010இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்காட்டியிருக்கிறது. எட்டு லட்ச ரூபாய் வண்டி முழுதாகச் சேதமானால் இரண்டு லட்சம் கையைவிட்டுப் போகும். 230 ரூபாய் மிச்சத்தை எத்தனை நடை சேர்த்தால் இரண்டு லட்சம் வரும் என்று கணக்குப் போடுங்கள். 870 நடைக்கு அருகில் வரும், அதுவும் இடையில் ஒரு பேரிங்கும் மாற்றாமல்.

தாங்கும் வண்டி என்ற நம்பிக்கையிலிருந்து கிளைத்த இன்னொரு பழக்கத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. காதுகுத்து, கோயில் திருவிழா, துக்கம் என்று பின்தொட்டியில் முப்பது பேரை ஏற்றிப் போவது. “ரெண்டு டன் தாங்குற வண்டி, முப்பது பேர் என்ன எடை?” என்ற நியாயம் அதற்குச் சொல்லப்படுகிறது. சரக்கு நகராது, கட்டிவைத்தால் கட்டிய இடத்தில் இருக்கும். நிற்கும் மனிதர்கள் வளைவில் ஒரே பக்கம் சாய்வார்கள், வண்டியின் எடை மையம் ஆள் உயரத்துக்கு ஏறிவிடும். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் சென்றவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கவிழ்ந்தால் இழப்பீடு முழுவதும் வண்டிக்காரரின் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும். சொந்தக்காரர்கள் கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான். மறுத்தே ஆக வேண்டும்.

சரி, அதிகம் ஏற்ற வேண்டாம், அதற்காகவே பெரிய வண்டியாக வாங்கிவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதிக எடை கூடாது என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட இந்த இடத்தில் தவறுகிறார்கள். “எப்பவாவது ரெண்டு டன் வந்தா என்ன பண்றது?” என்ற பயத்தில், மாதத்தில் இரண்டு நாள் வரும் சுமைக்காக முப்பது நாளும் பெரிய வண்டியை ஓட்டுகிறார்கள். மற்ற நாட்களில் அரை டன்னைச் சுமந்துகொண்டு இரண்டு டன் வண்டி ஊரைச் சுற்றுகிறது. வேர் ஒன்றுதான்: அன்றாடச் சுமையைக் கேட்காமல் உச்சச் சுமையைக் கேட்பது.

ஒரு கணக்கு போடுவோம், எண்களை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வண்டிகளுக்கும் விலை வித்தியாசம் மூன்று லட்சம் என்று வைப்போம். 11 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் என்றால் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாதம் 6,500 ரூபாய் டியூ. நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓட்டம். சின்ன வண்டி லிட்டருக்கு 18, பெரியது 13 என்றால் மாதம் 44 லிட்டர் டீசல் கூடுதல், அது 4,000 ரூபாய். டயர் விலை, சர்வீஸ் வித்தியாசத்தை விட்டுவிட்டாலும் மாதம் பத்தாயிரத்து ஐந்நூறு. அந்த இரண்டு நாளுக்கு மட்டும் ஒரு பெரிய வண்டியை நாளுக்கு 3,500 கொடுத்து வாடகைக்கு எடுத்தால் ஏழாயிரத்தில் முடிந்தது. மாதத்தில் நான்கைந்து நாள் பெரிய சுமை வருகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும், அவர் பெரிய வண்டிதான் வாங்க வேண்டும். தினமும் 1,200 கிலோ ஏற்றுகிறவர் விலை குறைவென்று ஏஸ் வாங்கினால் அவரைப் போல் நஷ்டப்படுபவர் இருக்க முடியாது. சின்ன வண்டிக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கம் இல்லை.

பெரிய வண்டியில் சில செலவுகள் கூடும் என்று பயமுறுத்துபவர்களையும் நான் ஏற்கவில்லை. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம், மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள எல்லாச் சரக்கு வண்டிக்கும் ஒரே படிதான், 2022இல் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய். இலகுரக வாகன உரிமம் உள்ளவரே 7,500 கிலோ வரை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. ஆனால் ஒரு கோடு முக்கியம்: சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நிறுவனங்கள் மாடல்களை அமைப்பது இதனால்தான். ஒரே பெயரில் வரும் வண்டியில்கூட ஒரு வகை கோட்டுக்குக் கீழேயும் ஒரு வகை மேலேயும் இருக்கும். விற்பனையாளர் பெயரைச் சொல்வார், நீங்கள் எண்ணைக் கேளுங்கள்.

டீசல் விஷயத்திலும் இதே உச்சநாள் பயம்தான் வேலை செய்கிறது. “லோடு வண்டின்னா டீசல், இழுவை இருக்கணும்.” டீசலின் இழுவையை நான் மறுக்கவில்லை. குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை கொடுப்பதால் சுமையோடு ஏற்றம் ஏறுவதற்கு அதைப் போல் வசதி இல்லை, தூர ஓட்டத்தில் செலவும் குறையும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் வண்டிக்கு டீசல் பொருத்தம். விடியற்காலையில் பத்துக் கிராமம் சுற்றிப் பால் எடுத்து நகரத்துக்குப் போகிற வண்டிக்கும் பொருத்தம்.

ஆனால் 2020 ஏப்ரல் முதல் தேதியோடு டீசலின் குணம் மாறிவிட்டது. பி.எஸ்.6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகப் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் வர வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். தெருத் தெருவாகத் தண்ணீர் கேன் போடும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எங்கே? நூறு மீட்டர் ஓடி நிற்கும், கேனை இறக்கும், மறுபடி நூறு மீட்டர். கரி சேர்ந்துகொண்டே போகும், எச்சரிக்கை விளக்கு எரியும், டிரைவர் கண்டுகொள்ள மாட்டார், கடைசியில் வண்டி இழுக்காமல் சர்வீஸ் சென்டரில் போய் நிற்கும். அதிகச் சுமையில் இஞ்சின் திணறும்போது கரி இன்னும் அதிகமாக உண்டாகும் என்பதால், அளவுக்கு மீறி ஏற்றுகிறவருக்கு இந்தத் தொல்லை சீக்கிரமே வரும். மாருதி 2016இல் சூப்பர் கேரியை 793 சிசி டீசலோடு கொண்டுவந்து, பி.எஸ்.6 வந்ததும் அந்த டீசலைக் கைவிட்டுப் பெட்ரோல், சி.என்.ஜி. பக்கம் போனது. நகருக்குள் நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் மட்டும் நின்று நின்று ஓடுகிறவர் டீசலைத் தேடிப் போகத் தேவையில்லை. வடிகட்டிக்குப் பயந்து பழைய பி.எஸ்.4 வண்டியைத் தேடுகிறவர்கள், முந்தைய உரிமையாளர் என்ன எடை ஏற்றினார் என்பதை முதலில் விசாரிக்கட்டும். பின் ஸ்பிரிங்கில் பட்டைகளை எண்ணினாலே பாதி வரலாறு தெரிந்துவிடும்.

அப்படியானால் எதைக் கேட்டு வாங்குவது? வாங்குவதற்கு முன் ஒரு மாதம் வாடகை வண்டியில் தொழிலை நடத்துங்கள். ஒவ்வொரு நாளும் சரக்கை எடை மேடையில் போட்டு, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஓடிய கிலோமீட்டரையும், எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டே வண்டியைச் சொல்லிவிடும். பெரும்பாலான நாட்களின் சுமை எந்த வண்டியின் ஆர்.சி. எடைக்குள் கொஞ்சம் இடைவெளி விட்டு அடங்குகிறதோ அதுதான் உங்கள் வண்டி. எடை மேடைக்குக் கொடுக்கும் சில்லறைக் கட்டணத்தைப் போல் பிரயோசனமான முதலீடு இந்தத் தொழிலில் வேறில்லை. சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம் வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். எழுதப்பட்ட முழு எடையை ஏற்றி, உங்கள் வழித்தடத்தின் மோசமான ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். மறுக்கிற ஷோரூமை விட்டு அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது ஒன்றுதான் கனமான வாதம்: “நான் ஏத்தலைன்னா அடுத்த வண்டிக்காரன் ஏத்துவான். என் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுறது?” இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது, எடைக்கு இவ்வளவு என்று பேசப்படுவதில்லை. எனவே பதினைந்து மூட்டை ஏற்றுகிறவரும் முப்பது மூட்டை ஏற்றுகிறவரும் ஒரே கூலி வாங்குகிறார்கள், கடைக்காரர் இயல்பாகவே இரண்டாமவரைக் கூப்பிடுகிறார். கூடுதல் பதினைந்து மூட்டையின் போக்குவரத்துச் செலவைக் கடைக்காரரும் வீடு கட்டுகிறவரும் கொடுப்பதில்லை, வண்டிக்காரர் தன் அச்சிலிருந்தும் டயரிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார். சட்டம் ஓட்டுகிறவரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் வழியில் நிறுத்தப்படுவது எப்போதும் டிரைவர்தான், மூட்டையை அடுக்கச் சொன்ன கடை அங்கேயே பாதுகாப்பாக இருக்கிறது.

இதைத் தனி ஒருவர் மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டி ஸ்டாண்டுகள் மாற்றலாம். பல ஊர்களில் லோடு வண்டிச் சங்கங்கள் ஏற்கெனவே வாடகைப் பலகை வைத்திருக்கின்றன, உள்ளூர் நடைக்கு இவ்வளவு, வெளியூருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு என்று. அதில் எடைக்கென்று ஒரு வரி கூடப் போகட்டும். ஏஸுக்குச் சிமெண்ட் 15 மூட்டை, ஒன்றேகால் டன் தோஸ்த்துக்கு 25, அதற்கு மேல் அடுத்த நடை, அதற்குத் தனி வாடகை. முதலில் இப்படி எழுதும் ஸ்டாண்டு சில மாதங்களுக்குச் சில கடைகளை இழக்கும். பக்கத்து ஸ்டாண்டும் அதே வரியை எழுதும்வரை அந்த இழப்பைச் சங்கமாகச் சேர்ந்து தாங்கலாம், தனியாகத் தாங்க முடியாது.